மூன்று காலமும் இளையோர் மனமும்

சைவாசிரியர்களே,

எண்ணிறந்த பிறவிகளுள் மானுடப் பிறவி பெறுதற்கு அரிது என்பது சைவநூல்களின் ஒருமித்த துணிபு. அம்மானுடப் பிறவியினுள்ளும் பன்னிரண்டு வயது முதற் பதினெட்டு வயது வரையிலுள்ள பருவம் மிக நுண்ணியது. குழந்தைக்கு இன்றைப் பொழுது ஒன்றே உண்டு. முதியோருக்கு நேற்றைப் பொழுது பெரிது. இடைநின்ற இளையோரோ, தாம் யாராய் இருந்தோம், யாராய் இருக்கின்றோம், யாராய் ஆகப்போகின்றோம் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே எதிர்கொள்ளுகின்றனர். விடை காணாது தடுமாறும் பிள்ளை, நாம் எழுதுங் கரும்பலகையை நோக்கியவண்ணம், வாய் திறவாது நம் முன்னே இருக்கின்றது. அதன் வரவை நாம் நாள்தோறும் பதிகின்றோம். அதன் மனம் எக்காலத்தில் இருக்கின்றது என்று ஒருநாளேனும் கேட்டோமா?

உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, பத்து முதற் பத்தொன்பது வயதினருள் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநோயினால் வருந்துகின்றனர். பதினைந்து முதல் இருபத்தொன்பது வயதினரைக் கொண்டுபோகுங் காரணங்களுள், தம்முயிரைத் தாமே போக்குதல் மூன்றாமிடத்தில் நிற்கின்றது. முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அத்தகையோர் ஐவர் இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். இது வைத்தியர் பொருள், சமயம் போதிப்பார் பொருளன்று என்பார் உளர். அவர் கூற்று பொருந்தாது. பிள்ளை துன்பமுறும்போது, அத்துன்பத்துக்குப் பொருள் யாது என்று அதற்கு முதலிற் சொல்லுவார் நாமே. நாம் சொல்லும் பொருள் அப்பிள்ளைக்கு ஊன்றுகோலாதலும் உண்டு. காலில் இட்ட தளையாதலும் உண்டு. ஆதலின், வரக்காப்பொலையையும் அதனைச் சூழ்ந்த கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு, இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

சைவசித்தாந்தம் தத்துவங்கள் முப்பத்தாறு என வகுக்கும். அவற்றுள் வித்தியாதத்துவங்கள் ஏழனுள் ஒன்று காலம். திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மைவிளக்கம் இக்காலதத்துவத்தின் தொழிலை மூன்றாகக் கூறும். கழிந்த காலம் எல்லையைக் காட்டும்; நிகழ்காலம் பயனை நுகர்விக்கும்; எதிர்காலம் புதுமையைத் தரும். இதன் நுட்பத்தை உற்று நோக்குமின். இறந்தகாலம் எல்லை மாத்திரமேயன்றிச் சிறையன்று. எதிர்காலம் பழையதே திரும்பி வருவதன்று, புதியது பிறக்கும் இடம். இம்மூன்றையும் உயிர் தத்தமக்குரிய இடத்தில் வைத்து அறியுமாயின் மனம் நேர்நிற்கும். ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கவர்ந்துகொள்ளுமாயின் மனம் நோயுறும்.

இக்காலத்து உளநூலாரும் வேறொரு வழியே நடந்து இவ்வாயிலை அடைந்தனர். அமெரிக்க உளநூலாராகிய பிலிப் சிம்பார்தோ, ஜோன் பொய்ட் என்னும் இருவர், மாந்தர் காலத்தை நோக்கும் நோக்கினை அளக்க ஐம்பத்தாறு கூற்றுக்கள் கொண்ட வினாநிரல் ஒன்றை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர் வகுத்த நோக்கு ஐந்து. கழிந்ததைக் கசப்போடு நினைத்தல் ஒன்று. கழிந்ததை இனிமையோடு நினைத்தல் ஒன்று. இன்றைய இன்பத்தையே நாடல் ஒன்று. இன்றும் நாளையும் நம் கையில் இல்லை, எல்லாம் விதி என்று சோர்தல் ஒன்று. வருங்காலத்தை நோக்கி ஒழுகல் ஒன்று. பின்னர்ப் பல நாடுகளில் இளையோரிடத்தும் முதியோரிடத்தும் நிகழ்ந்த ஆய்வுகளிற் பெரும்பாலன ஒரே திசையைக் காட்டுகின்றன. கழிந்ததைக் கசப்போடு நினைப்பாரிடத்தும், எல்லாம் விதி என்று சோர்வாரிடத்தும் துயரமும் அச்சமும் மிகுகின்றன. கழிந்ததில் நல்லதை நினைத்து, இன்றைப் பொழுதை அளவாக நுகர்ந்து, வருங்காலத்தை நோக்கி நடப்பாரிடத்து மனநலம் மிகுகின்றது.

இனிக் குணம் என்பது யாதெனின், அவ்வுளநூலார் மானுடக் குணத்தையும் ஐந்து கூறாக வகுப்பர். விரைவிற் கலங்குந் தன்மை, பிறரோடு கலக்கும் விருப்பம், புதியதை நாடுதல், இணங்கியொழுகல், கடமையில் ஒழுங்கு என்பன அவை. விரைவிற் கலங்கும் பிள்ளை கழிந்த துன்பத்தை மீட்டும் மீட்டும் எண்ணுகின்றது. கடமையில் ஒழுங்குடைய பிள்ளை வருங்காலத்தை நோக்குகின்றது. இவ்வாறு குணமும் காலநோக்கும் தம்முட் பிணைந்து கிடக்கின்றன. குணத்திற் பாதியளவு பிறப்போடு வருவது என்பது இரட்டைப் பிள்ளைகளிடத்துச் செய்த ஆய்வுகளினால் தெரிகின்றது. இது கேட்டு, பிறவிக்குணம் மாறாது என்று எவரும் கைவிடற்க. இளமை கடந்து முதிர்ச்சி எய்துங்காற் பெரும்பாலாரிடத்துக் கலக்கம் குறைந்து ஒழுங்கு மிகுகின்றது என்பதும் நீண்டகால ஆய்வுகளின் முடிபாம். ஆதலின், பதினைந்து வயதிற் காணும் குணம் எழுதி முடிந்த ஏடு அன்று. அன்றியும், குணத்தைக் காட்டிலும் காலநோக்கு பழக்கத்தினாலும் போதனையினாலும் வளைந்து கொடுப்பது. ஆசிரியர் கைபுகும் இடம் இதுவே.

இதனை நம் பிள்ளைகளிடத்து வைத்துப் பார்ப்போம். வரக்காப்பொலையைச் சார்ந்த ஓர் இறப்பர்த் தோட்டத்தில் மூன்று பிள்ளைகள் இருப்பதாகக் கொள்வோம்.

முதலாவது, தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மேலைத்தேயத்து அரபு நாடொன்றுக்குச் சென்றிருக்க, பாட்டியோடு லயன் காம்பராவில் வளரும் பெண்பிள்ளை. தாய் புறப்பட்ட விடியற்காலம் அவள் மனத்தில் இன்னும் விடியாமல் நிற்கின்றது. பாடம் நடக்கும்போதும் அவள் அந்த வாசலிலேயே நிற்கின்றாள். தான் கெட்ட பிள்ளையாய் இருந்தமையாற்றான் தாய் விட்டுப்போனாள் என்று அவள் உள்ளுக்குள்ளே தீர்ப்பெழுதி வைத்திருக்கின்றாள். கழிந்தகாலம் எல்லையாய் நில்லாது சிறையாயிற்று.

இரண்டாவது, பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். விடியுமுன்னே தந்தை மரத்துக்குப் போகின்றார். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேற் கூலி இல்லை. நாளைக்கு அடுப்பெரியுமோ என்பதை மேகம் முடிவு செய்யும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, நாளை என்பது தன் கையில் இல்லை என்று கற்றுக்கொள்வதில் வியப்பு யாது? ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொழும்பிற் கடைவேலைக்குப் போவதற்கு அவன் ஆயத்தமாகின்றான். நாம் அவனைச் சோம்பேறி என்கின்றோம். அவனோ சோம்பியவன் அல்லன், நாளையை இழந்தவன்.

மூன்றாவது, வகுப்பிலே முதலாவதாக வரும் பிள்ளை. குடும்பம் முழுவதும் அவள் தலைமேல் ஏறியிருக்கின்றது. கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரணதரப் பரீட்சை ஒன்றே அவளுக்கு எதிர்காலம். அதிற் பிழைத்தாற் பிழைப்பு, தவறினால் முடிவு என்று அவள் எண்ணுகின்றாள். எதிர்காலத்தை நோக்குவது நன்றென்று மேலே கூறினோம். ஒரேயொரு நாளாகச் சுருங்கிவிட்ட எதிர்காலம் புதுமையைத் தராது, அச்சத்தையே தரும். 2021ஆம் ஆண்டுக்குரிய அப்பரீட்சை, பெருந்தொற்றினாலே பின்தள்ளப்பட்டு 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், நாடு பொருளாதார வீழ்ச்சியில் அழுந்திக் கிடந்த நாள்களிலே நடைபெற்றது. நாள் பிற்பட்டுக்கொண்டே போனபோது எத்தனை பிள்ளைகள் உறக்கமின்றி வாடினர் என்பதை அக்காலத்துக் கற்பித்தோர் அறிவர்.

இம்மூவரையும் ஒரே மருந்தாற் குணப்படுத்த முயல்வது பேதைமை. முதலாமவளுக்குக் கழிந்ததைத் திருத்தி வாசிக்கத் துணை வேண்டும். இரண்டாமவனுக்கு நாளை என்பது உண்டென்று காட்டும் சிறு சான்று வேண்டும். மூன்றாமவளுக்கு ஒரு நாளைக்கு அப்பாலும் பல நாள்கள் உண்டென்னும் அகலம் வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளையின் நாளை சுருங்கியமைக்குக் குணம் மாத்திரங் காரணமன்று, வரலாறும் காரணமாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும், 1974ஆம் ஆண்டில் அதனைத் தொடர்ந்த உடன்பாடும், இன்னார் இங்கே இருப்பர், இன்னார் கடல் கடப்பர் என்று தொகையிட்டுப் பிரித்தன. ஒரே குடும்பத்தில் அண்ணன் கப்பலேறத் தம்பி தோட்டத்தில் நின்றதும் உண்டு. நாடற்ற நிலை சட்டத்தால் முடிவெய்தியது 2003ஆம் ஆண்டிலேயாம். ஐம்பத்தைந்து ஆண்டுக்காலம், அடுத்த ஆண்டு நாம் எங்கே இருப்போம் என்று அறியாதிருந்த பாட்டன் பாட்டியரின் மடியில் வளர்ந்தோர் நம் மாணவரின் தாய் தந்தையர். நாளையை நம்பாதே என்பது அவர்களுக்கு அநுபவம் கற்பித்த பாடம். அப்பாடம் தாலாட்டோடு கலந்து பிள்ளைக்கு வந்தது. ஆதலின் அதனைப் பிள்ளையின் குற்றமாகக் கொள்ளற்க.

இனி, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. அதனை மறையாது கூறுவோம். துயருற்ற பிள்ளை நம்மிடம் வரும்போது நாம் யாது கூறுகின்றோம்? உன் வினை, உன் தலைவிதி, முற்பிறப்பிற் செய்தது, அநுபவித்தே தீரவேண்டும் என்கின்றோம். இவ்வாறு கூறிச் சமயம் போதித்துவிட்டதாக மகிழ்கின்றோம். உளநூலார் எந்த நோக்கினைத் துயரத்தின் துணை என்று கண்டனரோ, அந்த விதிச்சோர்வினையே நாம் திருநீற்றோடு சேர்த்துப் பூசிவிடுகின்றோம். நாமும் அவ்வாறு சொல்லியிருக்கின்றோம். அதனாற்றான் இதனை எழுதுகின்றோம்.

சைவம் கூறும் வினைக்கொள்கை அதுவன்று. வினை மூவகைப்படும். முன்பு ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அக்குவியலினின்றும் இப்பிறப்பில் நுகரும்படி வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் நாம் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். சஞ்சிதம் குருவருளால் எரிக்கப்படுவது. பிராரத்தம் உடலோடு நுகர்ந்து கழிவது. ஆகாமியமோ நம் அறிவு இச்சை செயல்களோடு கூடியது. மூன்றையுங் கூறாது நடுநின்ற ஒன்றை மாத்திரங் கூறி, அதனையும் தண்டனையாகக் கூறினால், அது சைவமாகாது. பிராரத்தத்தைக் கூறுமிடத்து ஆகாமியத்தையும் கூறுதல் வேண்டும். இரண்டையுங் கூறுமிடத்து வினைக்கு மேலாய் நின்று அருளும் இறைவனது கருணையைக் கூறுதல் வேண்டும். பதினாறு வயதென்று எல்லையிடப்பட்ட மார்க்கண்டேயர் கதையை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். எல்லை தெரிந்த பின்னும் அப்பாலகர் பூசையை விட்டாரல்லர். திருக்கடவூரில் இறைவன் அவ்வெல்லையை நீக்கியருளினார். இக்கதையை உரைத்த நாவினாலேயே, விதியை யார் மாற்றுவார் என்று கூறுதல் தகுமா?

அன்றியும், பிள்ளை படுந்துன்பத்துக்கு அதன் வினையே காரணம் என்று கூறுவது நமக்கு எளிது. நம்மிடத்திலிருந்து ஒன்றும் கேளாது. தந்தையின் குடி, உறவினன் ஒருவனின் தீச்செயல், வகுப்பில் நடக்கும் ஏளனம் என்பவற்றை வினையென்னும் போர்வையால் மூடிவிட்டு நாம் வீடு சென்றுவிடலாம். அவ்வாறு மூடுவது நமக்கு ஆகாமியமாகும் என்பதை நினைத்தல் நன்று.

துயரத்திலிருக்கும் இளையோரிடம் எவ்வாறு பேசுவது என்பதற்குச் சேக்கிழார் பெருமான் நமக்கு ஓர் உதாரணம் வைத்திருக்கின்றார். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனார், மாதினியார் என்னும் இருவருக்குத் திலகவதியாரும் மருணீக்கியாரும் பிள்ளைகளாயினர். திலகவதியாருக்கு வயது பன்னிரண்டானபொழுது, சேனைத்தலைவராகிய கலிப்பகையாருக்கு மணம்பேசப்பட்டது. மணம் நிகழுமுன்னே கலிப்பகையார் அரசன் ஏவலாற் போருக்குச் சென்றார். புகழனார் நோயால் இறந்தார். மாதினியாரும் அவரோடு உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன்னே கலிப்பகையார் போரில் வீழ்ந்தார் என்னுஞ் செய்தி வந்தது. திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அவரை இக்காலத்து நம் பள்ளியிற் சேர்த்தால், எட்டாம் வகுப்பில் இருந்திருப்பார் என்பதை நினைமின்.

அப்போது அவர் அடிகளில் வீழ்ந்தவர் தம்பியாராகிய மருணீக்கியார். அவர் விதியைப் பேசவில்லை. உயிர்விடுதல் பாவம் என்று அச்சுறுத்தவில்லை. எல்லாருக்கும் வருவதுதானே என்று துயரைச் சிறிதாக்கவில்லை. அன்னையும் தந்தையும் பிரிந்த பின்பும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரை வணங்கலாம் என்பதனாலேயே என்றும், அவர் பிரிவாராயின் தாம் அவருக்கு முன்னே உயிர் நீங்குவது துணிபு என்றும், உள்ளதை உள்ளபடி அழுது கூறினார். திலகவதியார் தம்பி உயிரோடிருத்தல் வேண்டும் என்னும் கருணையினாலே தம்முயிரைத் தாங்கினார்.

இங்கே கருதத்தக்கன மூன்று. ஒன்று: திலகவதியாருக்கு அன்று எதிர்காலம் முழுவதும் இருண்டிருந்தது, அவ்விருளை நீக்க வல்லார் எவருமிலர். ஆயினும் ஓர் உயிரோடு தம்மைப் பிணித்த ஒரு கயிறு அவரை இன்றிலிருந்து நாளைக்கு இழுத்துச் சென்றது. நம்பிக்கை என்பது பேரொளியாய் வரவேண்டுவதில்லை; அடுத்த நாளுக்கு ஒரு காரணமாய் வந்தாற் போதும். இரண்டு: அந்தத் தம்பியே பின்னர்த் திருநாவுக்கரசு நாயனார் ஆயினார். தமக்கையார் அன்று உயிர் விட்டிருப்பின், தேவாரத் திருமுறைகளில் அப்பர் பாடிய மூன்று திருமுறைகள் ஏது? இவ்வெதிர்காலம் அன்று அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. புலப்படாமை இல்லாமையாகாது. மூன்று: மருணீக்கியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்துப் பொருளை வழங்கியபின், வேறு சமயம் புகுந்து, சூலைநோயால் வருந்தி, திருவதிகை வீரட்டானத்தில் திருத்தொண்டு செய்துகொண்டிருந்த தமக்கையாரிடம் மீண்டார். அவர் கழிந்ததைச் சொல்லி இகழ்ந்தாரல்லர். திருநீறு தந்து திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வழிதவறி மீளும் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வாயில் இவ்வாறு திறந்திருக்கின்றதா?

இனி நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். உலகில் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அவ்வாண்டிலும் 1998ஆம் ஆண்டிலும் கொடிய பயிர்நஞ்சுகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. முந்திய பத்தாண்டோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரையில் ஏறத்தாழ 20,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் கணக்கிட்டனர். மக்களுடைய துன்பம் அப்பத்தாண்டில் நீங்கிவிடவில்லை. நஞ்சுண்டு வைத்தியசாலைக்கு வருவோர் தொகையும் குறையவில்லை. பின் யாது நிகழ்ந்தது? உயிர் போகுமுன்னே காலம் கிடைத்தது. அக்காலத்தில் வைத்தியர் வந்தார், தாய் வந்தாள், மனம் திரும்பிற்று. அவ்வாறு பிழைத்தோரிற் பெரும்பாலார் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை என்பதும் ஆய்வுகளின் முடிபு.

இதிலிருந்து நாம் கற்பது பெரிது. இறப்பை விரும்பும் எண்ணம் இளையோரிடத்துப் பெரும்பாலும் புயல்போல் வந்து கடப்பது. அப்புயலுக்குள் நிற்பவனுக்கு, இந்நிலை என்றும் மாறாது என்று தோன்றுகின்றது; நிகழ்காலம் மூன்று காலத்தையும் விழுங்கிவிடுகின்றது. அவனுக்கு நாம் செய்யத்தக்க முதல் உதவி உபதேசமன்று; காலம். ஓரிரவு தனியே விடாதிருத்தல், தோட்ட வீடுகளிற் களைநாசினியையும் மருந்துகளையும் பூட்டி வைக்கும்படி பெற்றோருக்கு அறிவுறுத்தல், நாளை காலையில் என்னை வந்து பார் என்று நாள் குறித்தல் என்பன சிறியன போலத் தோன்றினும் உயிர் காப்பன. உயிர்விட முயலுதலைக் குற்றமாகக் கொண்டிருந்த சட்டம் இந்நாட்டில் 1998ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. சட்டமே தண்டிப்பதை விட்டுவிட்டபின், நாம் நரகத்தைக் காட்டித் தண்டிப்பது முறையன்று.

மற்றொன்று கனடாவின் மேற்குக்கரையிலிருந்து வருகின்றது. பிரித்தானிய கொலம்பியா மாகாணத்து ஆதிக்குடிகளிடத்தே மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலோண்ட் என்னும் இருவர் செய்த ஆய்வு 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ இருநூறு குடிகளை அவர் ஆராய்ந்தனர். சில குடிகளில் இளையோர் தம்முயிரை மாய்த்தல் அளவிறந்து இருந்தது. சில குடிகளில் அஃது அறவே இல்லை. தம் பள்ளியைத் தாமே நடத்தல், தம் நிலவுரிமைக்கு முயலுதல், தம் பண்பாட்டுக்கு மனைகள் அமைத்தல் முதலிய ஆறு கூறுகளும் வாய்ந்த குடிகளில், அவர் ஆராய்ந்த ஆண்டுகளில் ஓரிளையோரும் அவ்வாறு இறக்கவில்லை. உயிரை மாய்க்கத் துணிந்த இளையோரிற் பெரும்பாலார், நேற்றிருந்த நானும் நாளை இருக்கப்போகும் நானும் ஒருவனே என்பதை விளக்கமாட்டாது தவித்தனர் என்பதையும் அவ்வாய்வாளர் கண்டனர். காலத்தினூடே தான் தொடர்கின்றேன் என்னும் உணர்வு அறுந்தவிடத்து உயிரின்மேற் பற்றும் அறுகின்றது.

இதனைக் கேட்கும்போது நமக்கு ஆறுமுகநாவலர் நினைவு வருகின்றது. அவர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது அன்றைய பிள்ளைகளுக்காக மாத்திரமன்று. தாம் காணாத தலைமுறைகளுக்காகவுமாம். தோட்டத்திலே ஓரறைப் பள்ளியில் ஐந்து வகுப்பையும் ஒருவரே கற்பித்த பழைய ஆசிரியர்களும் அவ்வாறே செய்தனர். தோட்டப் பள்ளிகளை 1970களின் பிற்பகுதி முதல் அரசு பொறுப்பேற்றது. பொறுப்பு மாறினும், தொடர்ச்சியைக் காக்குங் கடமை மாறவில்லை.

அக்கடமையை எவ்வாறு செய்வது? ஒருசில கூறி முடிப்போம்.

பிள்ளையின் கழிந்தகாலத்தில் நல்லதைத் தேடிக்கொடுமின். பாட்டியிடம் கேட்டு, குடும்பம் எவ்வூரிலிருந்து வந்தது, எம்மரத்தை யார் நட்டார், மாரியம்மன் கோயிலை எவ்வாறு கட்டினர் என்று எழுதி வரச் சொல்லுமின். கூலிகளின் பிள்ளை என்று தன்னை எண்ணியிருந்தவன், காடழித்து நாட்டுக்குச் செல்வம் ஈட்டியவரின் பேரன் என்று தன்னை அறிவான். மாசியிற் காமன் கூத்தில் எரிந்த காமன் மீண்டெழுவதை அவன் ஆண்டுதோறும் காண்கின்றான். அதன் பொருளை அவனுக்கு விளக்குமின்.

நாளையைச் சிறிதாக்கிக் கொடுமின். பத்தாண்டுக்கு அப்பாலுள்ள உத்தியோகத்தைப் பற்றிப் பேசாது, அடுத்த வெள்ளிக்கிழமை அவன் செய்யவேண்டிய ஒன்றை அவன் வாயினாலேயே சொல்லுவித்து, அது முடிந்தவுடன் பாராட்டுமின். முயற்சி பயன் தரும் என்பதை ஒருமுறை கண்டவன் மறுமுறை நம்புவான். பரீட்சைக்கு அஞ்சும் பிள்ளைக்கு, தவறினாலும் மீண்டும் எழுதலாம், தொழிற்கல்வி உண்டு, வாழ்க்கை ஒரு வாயிலுடையதன்று என்பதைப் பெற்றோர் முன்னிலையிலேயே கூறுமின்.

நிகழ்காலத்தைத் தூய்மையாக்குமின். காலைப் பிரார்த்தனையில் ஐந்து நிமிடம் திருவைந்தெழுத்தை அமைதியாகச் செபிப்பித்தால், அலையும் மனம் இங்கே, இப்பொழுது, இறைவன் முன்னே நிற்கப் பழகும். ஆயினும் வழிபாடு மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. சூலைநோயைத் திருநீற்றால் இறைவன் தீர்த்தருளினார் என்று கூறி, நோயுற்ற பிள்ளையை வைத்தியரிடம் அனுப்பாதிருத்தல் பத்தியாகாது.

கேட்கத் தயங்கற்க. உறக்கமின்மை, உணவின் வெறுப்பு, நண்பரை விட்டு விலகல், விருப்பமான பொருள்களை வழங்கிவிடல், இனி என்னால் ஒருவருக்கும் தொந்தரவு இராது என்னும் பேச்சு என்பவற்றைக் காணின், தனியே அழைத்து, இறந்துவிடலாம் என்று எண்ணுகின்றாயா என்று அன்போடு நேரே கேட்டல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புகுந்துவிடும் என்பது வீண் அச்சம். கேட்டபின் பாரம் குறைவதையே அநுபவமுடையோர் கண்டிருக்கின்றனர். ஆம் என்று சொல்லுமாயின், இரகசியம் காப்பதாக வாக்களியாது, அப்பிள்ளையைத் தனியே விடாது, பெற்றோரோடு சேர்ந்து வரக்காப்பொல ஆதார வைத்தியசாலைக்கோ அண்மையிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுமின். வீட்டிலேயே தீங்கு நேருமென்று ஐயம் உண்டாயின், 1929 என்னும் சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசியும், 1974ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் பணிபுரியும் சுமித்ரயோ என்னும் அமைப்பும் உண்டு. இவ்விலக்கங்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தல் ஒரு சிவபுண்ணியம்.

ஆசிரியரும் மானுடரே. சம்பளக் குறைவும் தூரப் பயணமும் நம்மையும் வாட்டுகின்றன. நாமே நாளையை இழந்து நின்றாற் பிள்ளைக்கு எவ்வாறு கொடுப்போம்? நம்முட் கலந்து பேசுவோம். வேண்டின் நாமும் துணை நாடுவோம்.

இறப்பர்மரத்தை நோக்குமின். கன்று நட்டு ஆறேழு ஆண்டு கழிந்த பின்னரே அதிற் பால் வெட்டலாகும். பொறாதவன் இறப்பர் நடுதல் இயலாது. வெட்டத் தெரிந்தவன் பட்டையை மாத்திரம் மெல்லியதாய்ச் சீவுவான். அவ்விடத்திற் புதுப்பட்டை சமமாய் வளர்ந்து மூடும். தெரியாதவன் மரத்தின் உள்வைரம் வரையில் ஆழமாய் வெட்டுவான்; அவ்விடம் கரடுகட்டி என்றும் வடுவாய் நிற்கும். வகுப்பில் நாம் சொல்லும் ஒரு சொல்லும் அத்தன்மையதே. தேயிலைச்செடியைக் கவ்வாத்து வெட்டியபின் அது பட்டுப்போனது போலவே நிற்கும். சில கிழமைகளில் தளிர் விடும். இதனைத் தோட்டத்துப் பிள்ளை நம்மினும் நன்கறியும். தன்னிடத்தும் அவ்வாறே என்பதை அதற்கு நினைவூட்டுவார் ஒருவர் வேண்டும், அவ்வளவே.

நாளைக் காலையில் வரவுப்புத்தகத்தைத் திறக்கும்போது, ஒரு பெயரில் நம் கண் சற்றே நிற்பதாக. அப்பிள்ளையை இடைவேளையில் அழைத்து, நேற்று எப்படி இருந்தாய், இன்று எப்படி இருக்கின்றாய், நாளைக்கு யாது செய்யப் போகின்றாய் என்று மூன்று வினாக்களைக் கேட்போம். விடை உடனே வாராவிடினும், மறுநாளும் கேட்போம். காலங்கடந்து நின்று காலத்தை நடத்தும் சிவபெருமான், நம் பிள்ளைகளுக்குக் கழிந்ததை எல்லையாகவும், நிகழ்வதைப் பயனாகவும், வருவதைப் புதுமையாகவும் அமைத்துத் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்